அட்லஸ் மலை தாண்டி உப்பாற்றங்கரை வரை

பாலைவனம் என்றதும் உங்கள் மனக்கண்ணில் என்ன தோன்றுகிறது? மணல் மேடுகளும் ஒட்டகங்களும் பேரீச்ச மரங்களும்தானே? நான் இன்று உங்களை அழைத்துச் செல்லவிருக்கும் பாலைவனத்தில் மணல் மேடு கிடையாது. கல்லும் செம்மண்ணும்தான். அங்கே போய்ச் சேர, உச்சியில் வெண்பனி தெரியும் மலைத்தொடர் ஒன்றை முதலில் தாண்ட வேண்டும். அதுவும் துவிச்சக்கர வண்டியில்!

இடம் மொறோக்கோ நாடு. காலம் 2025ஆம் ஆண்டு ஏப்ரல் மாத நடுப்பகுதி. மர்ராக்கிஷ் நகரிலிருந்து தெற்கே வர்ஸாஸாத் நகருக்குச் செல்லும் பெருந்தெரு, உயர் அட்லஸ் மலையைக் குறுக்கறுத்துப் போகிறது. இந்த இருநூறு கிலோமீற்றரை பஸ்ஸில் நாலைந்து மணித்தியாலத்தில் கடந்துவிடலாம். ஆனால், பஸ்ஸில் போகிறவர் எந்த வளைவில் மழை நின்றது, எந்தக் கிராமத்தில் மரம் நின்றது, எந்த இடத்தில் மனிதர்கள் தண்ணீரை அளந்து செலவழிக்கத் தொடங்கினார்கள் என்பதைக் காண மாட்டார். சைக்கிளில் போகிறவருக்கு இவற்றை அவரது தொண்டையே சொல்லிவிடும். எனவே, நண்பர் ஒருவரும் நானும் முதல் நாள் மர்ராக்கிஷிலிருந்து புறப்பட்டு, மலையின் வடக்குச் சரிவிலுள்ள தத்தர்த் என்ற கிராமத்தில் தங்கினோம். நான் உங்களுக்குச் சொல்லப்போவது அதற்கடுத்த நாளின் கதை. தத்தர்த்திலிருந்து ஐத் பென் ஹத்து வரை ஏறத்தாழ எண்பது கிலோமீற்றர்.

ஸுபஹுத் தொழுகைக்கு வெளியே வந்தால் வாய் திறக்கும்போது புகை பறக்கிறது. தத்தர்த் 1,600 மீற்றருக்கு மேல் உயரத்தில் இருக்கிறது. நுவரெலியாவில் ஜனவரி மாத விடியற்காலை எப்படியோ அப்படி. சிறிய பள்ளிவாசலில் ஏழெட்டுப் பேர் தொழுதார்கள். தக்பீர் கட்டிய பின் அவர்கள் கைகளைத் தொங்கவிட்டுக்கொண்டு நிற்பதைக் கண்டு நீங்கள் வியக்க வேண்டாம். மொறோக்கோ மாலிக்கி மத்ஹபைப் பின்பற்றும் நாடு. நெஞ்சுக்குக் கீழே கை கட்டி நின்ற எங்கள் இருவரையும் ஒரு சிறுவன் ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டே இருந்தான். தொழுகை முடிந்ததும் முதலில் ஸலாம் சொல்லிக் கைகொடுத்தவனும் அவன்தான்.

காலை உணவு ரொட்டி, ஒலிவ் எண்ணெய், தேன், புதினாத் தேநீர். தேநீர் என்றதும் நம்மவர்களுக்கு ஒரு பெருமை வரும். ஆனால் அது நமது மலைநாட்டுத் தேயிலை அல்ல. மொறோக்கோ மக்கள் குடிப்பது சீனாவின் பச்சைத் தேயிலை. அதில் கைநிறையப் புதினாவையும், நமக்கே திகட்டும் அளவுக்குச் சீனியையும் போடுகிறார்கள். சைக்கிள் மிதிப்பவருக்கு அந்தச் சீனி ஒரு நிஃமத்து.

இனி ஏற்றம். கணவாய் வரை பதினைந்து கிலோமீற்றர் அளவில்தான். ஆனால் அறுநூறு மீற்றர் உயரம் ஏற வேண்டும். பின் சில்லின் இருபுறமும் தொங்கும் பைகளில் உடுப்பு, கூடாரம், பழுதுபார்க்கும் சாமான்கள். சட்டத்தில் மூன்று தண்ணீர்ப் போத்தல்கள். இத்தனையோடும் ஏறும்போது வேகம் மணிக்கு ஆறு, ஏழு கிலோமீற்றர். அதாவது, விறுவிறுப்பாக நடப்பவரைவிடச் சற்றே அதிகம். மலையேறப் பழகாதவர் செய்யும் காரியம், ஆரம்பத்தில் பலத்தைக் காட்டிவிட்டு மூன்றாவது வளைவில் இறங்கித் தள்ளுவது. மிகச் சிறிய கியரில் போட்டு, மூக்கால் மூச்சு விடக்கூடிய வேகத்தில் மிதிக்க வேண்டும். மூக்கால் மூச்சு விட முடியவில்லை என்றால் வேகம் கூடிவிட்டது என்று அர்த்தம். எந்தக் கருவியும் இல்லாமல் இந்தக் கணக்கு பிழைப்பதில்லை.

வளைவுக்கு மேல் வளைவு. கீழே பார்த்தால் நாம் வந்த தெரு, அவிழ்த்துப் போட்ட தலைப்பாகை மாதிரிச் சுருண்டு கிடக்கிறது. வாதுமைக் கொட்டை மரங்கள், சிறு பாத்திகளில் பச்சைப் பசேலென்று வாற்கோதுமை, முதுகில் தம்மைவிடப் பெரிய புல்லுக்கட்டுகளைச் சுமந்து சரிவில் ஏறும் பெண்கள். அந்தப் பெண்களைக் கண்டபின் என் கால்வலியைப் பற்றிப் பேச எனக்கு வாய் வரவில்லை. லொறிச் சாரதிகள் முந்தும்போது ஒருமுறை மெல்ல ஹோர்ன் அடித்துக் கைகாட்டுவார்கள். எதிரே வந்த ஒரு வேனுக்குள்ளிருந்து ஒருவர் தலையை வெளியே நீட்டி உரத்த குரலில் ஸலாம் சொன்னார். பதில் சொல்ல மூச்சு வேண்டுமே!

பத்து மணியளவில் கணவாய். திஸி-ந்-திஷ்கா என்று பெயர். உயரம் 2,260 மீற்றர். ‘திஸி’ என்றால் அந்த மலைவாழ் அமாஸிக் மக்களின் மொழியில் கணவாய். பெர்பர் என்று நாம் பாடப் புத்தகத்தில் படித்தவர்கள் இவர்கள்தான். அவர்கள் தம்மை அமாஸிக் என்றே அழைக்கிறார்கள். உச்சியில் சில கடைகள். மலைக் கற்களையும் பளிங்குகளையும் பரப்பி வைத்து விற்கிறார்கள். காற்று ஆளைத் தள்ளுகிறது.

இந்த 2,260 என்ற எண்ணைக் கண்டதும் எனக்கு ஊர் ஞாபகம் வந்தது. நமது பாவா ஆதம் மலையின் உயரம் 2,243 மீற்றர். பதினேழு மீற்றர்தான் வித்தியாசம்! அந்த மலையில் ஏறிய ஒரு மொறோக்கோ நாட்டவரை நீங்கள் அறிவீர்கள். 1304இல் தன்ஜா நகரில் பிறந்து, 21 வயதில் ஹஜ்ஜுக்கென்று வீட்டைவிட்டுப் புறப்பட்ட இப்னு பதூதா, 1344இல் நமது புத்தளத்தில் கரையிறங்கினார். ஆரியச் சக்கரவர்த்தியின் உதவியைப் பெற்று பாவா ஆதம் மலைக்குப் போய் வந்தார். இந்தக் கதை நம் பிள்ளைகள் பலருக்கும் தெரியும். அவர் தமது நாட்டின் மலையைத் தாண்டிய கதைதான் அதிகம் பேசப்படுவதில்லை.

மாலி நாட்டுக்குப் போய்விட்டு ஸஹாராப் பாலைவனம் வழியாகத் திரும்பிய அவர், ஸிஜில்மாஸா என்ற பாலைநகரிலிருந்து ஃபாஸ் நகருக்கு இந்த அட்லஸ் மலைத்தொடரைக் கடந்தார். நாம் நிற்கும் இந்தக் கணவாய் வழியாக அல்ல. இங்கிருந்து வெகுதூரம் கிழக்கேயுள்ள வழியால். அது 1353ஆம் ஆண்டு முடியும் தறுவாய். துல்ஹஜ் மாதம். நல்ல குளிர்காலம். ஹஜ்ஜுப் பெருநாளை மலைவழியிலேயே கழித்தார். புகாராவின் பனியையும் குராஸானின் பனியையும் கண்ட மனிதர், இதைவிடக் கடினமான வழியைக் கண்டதில்லை என்ற கருத்தைப் பதிந்து வைத்திருக்கிறார். அப்போது அவருக்கு ஐம்பதை நெருங்கிய வயது. உலகத்தைச் சுற்றியவரைச் சொந்த வீட்டு வாசற்படி தடுக்கிய மாதிரி! தார் போட்ட தெருவில், இருபத்துநான்கு கியர் வண்டியில் வந்து நின்றுகொண்டு நாங்கள் களைப்பைப் பற்றிப் பேசியதை நினைத்தால் சிரிப்புத்தான்.

கணவாயைத் தாண்டிச் சில கிலோமீற்றர் இறங்கியதும் பெருந்தெருவை விட்டு இடப்பக்கம் ஒரு சிறிய பாதை பிரிகிறது. தெலுவெத் கிராமத்துக்கு இருபது கிலோமீற்றர். வாசகர்களே, இந்த இடத்தில் வண்டியை நிறுத்தி முன்னும் பின்னும் பாருங்கள். பின்னால் பச்சை. முன்னால் மண்ணிறம், சிவப்பு, சாம்பல். மரம் இல்லை. அட்லாண்டிக் சமுத்திரத்திலிருந்து வரும் மேகங்கள் மலையின் வடக்கு முகத்தில் தம்மை இறக்கி வைத்துவிடுகின்றன. தெற்கு முகத்துக்கு மிஞ்சுவது வெறுங் காற்று. நானுஓயாவில் மழை கொட்டும்போது வெலிமடைப் பக்கம் வெயில் காய்வதை நீங்கள் பார்த்திருப்பீர்கள். அதே சங்கதிதான். ஆனால் அளவு வேறு. இந்தப் பாதை போய்ச் சேரும் வர்ஸாஸாத்தில் ஒரு வருடம் முழுவதும் பெய்யும் மழை சுமார் 120 மில்லிமீற்றர். வறண்ட பூமி என்று நாம் சொல்லும் புத்தளத்திலேயே ஆயிரம் மில்லிமீற்றருக்கு மேல் பெய்கிறது.

இறக்கம் சுகமானது என்று நினைப்பீர்கள். கைகளுக்குச் சுகமில்லை. பாரம் ஏற்றிய வண்டியில் பிரேக்கை விடாமல் அழுத்திக்கொண்டே இறங்கினால் ரிம் சூடேறி டியூப் வெடிக்கும். விட்டுவிட்டு அழுத்த வேண்டும். இடைக்கிடை நின்று சூடாறவும் விட வேண்டும்.

தெலுவெத்தில் பாழடைந்த ஒரு மாளிகை இருக்கிறது. அதைக் கஸ்பா என்பார்கள். பெருந்தெரு 1930களில் பிரெஞ்சுக்காரர் ஆட்சியில் போடப்படும் வரை, ஒட்டகக் கூட்டங்கள் மலையைத் தாண்டிய பழைய வழி இந்த ஊரூடாகத்தான் போனது. அந்த வழியையும் அருகிலுள்ள உப்புச் சுரங்கங்களையும் கையில் வைத்திருந்த கலாவி குடும்பம் பெரும் செல்வம் சேர்த்தது. அக்குடும்பத்தின் தஹாமி அல் கலாவி 1912 முதல் மர்ராக்கிஷின் பாஷாவாக இருந்தார். பிரெஞ்சுக்காரரின் வலது கை. 1953இல் ஸுல்தான் ஐந்தாம் முஹம்மதை நாடுகடத்துவதற்குத் துணைபோனார். இரண்டே வருடத்தில், 1955 நவம்பரில், ஸுல்தான் திரும்பி வந்தார். பாஷா அவர் முன் மண்டியிட்டு மன்னிப்புக் கேட்டார். 1956 ஜனவரியில் இறந்துபோனார். சொத்துக்கள் பறிமுதலாயின. மாளிகை அப்படியே விடப்பட்டது. உள்ளே சில அறைகளில் செதுக்கிய கூரையும் வர்ண ஓடுகளும் இன்னும் மிச்சம். வெளியே மண்சுவர் மழையில் கரைந்து மண்ணோடு மண்ணாகிறது.

2023 செப்டம்பர் 8ஆம் திகதி இரவு அட்லஸ் மலையை 6.8 அளவிலான பூமியதிர்ச்சி உலுக்கியது உங்களுக்கு நினைவிருக்கும். ஏறத்தாழ மூவாயிரம் பேர் ஷஹீதானார்கள் என்றே நாம் அல்லாஹ்விடம் ஆதரவு வைக்கிறோம். அதன் மையம் இங்கிருந்து மேற்கே தொலைவில். இருந்தும் இந்தக் கஸ்பாவும் சேதமடைந்தது. தெருவோரம் விரிசல் விட்ட வீடுகளை நாங்களும் கண்டோம். சில இடங்களில் மண்வீட்டுக்குப் பக்கத்தில் சீமெந்துக் கல்லில் புது வீடு எழும்புகிறது. கோடையில் குளிர்ந்தும் குளிரில் இளஞ்சூடாகவும் இருக்கும் மண்வீட்டை அவர்கள் விரும்பாமல் விடவில்லை. இரவில் நித்திரை கொள்ள வேண்டுமே!

தெலுவெத் பள்ளிவாசலில் லுஹரையும் அஸரையும் சேர்த்துச் சுருக்கித் தொழுதோம். முஸாபிருக்கு மார்க்கம் தந்த சலுகையின் அருமை, விமானத்திலும் ஏ.சி. வேனிலும் போகும்போது அவ்வளவாக விளங்குவதில்லை. முழங்கால் நடுங்க நிற்கும்போது விளங்குகிறது.

இனி வரும் நாற்பது கிலோமீற்றர்தான் இந்த நாளின் உயிர். அன்மிதர் என்ற கிராமத்துக்குப் பின் பாதை வூனிலா ஆற்றோடு சேர்ந்து இறங்குகிறது. முன்பு கழுதைப் பாதையாகக் கிடந்தது. இப்போது தார் போட்டிருக்கிறார்கள். இருபக்கமும் மொட்டைப் பாறைகள், செந்நிறச் சுவர்களாக. நடுவில், ஆற்றோரம் மட்டும் ஒரு பச்சை நாடா. சில இடங்களில் அதன் அகலம் ஐம்பது அடிகூட இராது. அத்தி, வாதாம், வாற்கோதுமை. அந்தப் பச்சை நாடாவின் விளிம்பில், ஒரு சாண் நல்ல நிலத்தைக்கூட வீணாக்காமல், பாறைச் சரிவில் ஒட்டிக்கொண்டு மண்வீடுகள். எங்கே வாய்க்கால் முடிகிறதோ அங்கே பச்சை முடிகிறது. கத்தியால் வெட்டிய மாதிரி!

இந்த வாய்க்கால்களில் ஒவ்வொரு குடும்பத்துக்கும் முறை இருக்கிறது. முறை வரும்போது மண்ணணையை வெட்டித் தமது பாத்திக்குத் திருப்புவார்கள். முடிந்ததும் அடைத்துவிட்டு அடுத்தவருக்கு விடுவார்கள். மேல்மடைக்காரர் தமக்கு வேண்டியதைப் பாய்ச்சிவிட்டுக் கீழ்மடைக்காரருக்கு விட வேண்டும். மதீனாவில் ஹர்ரா ஓடைத் தண்ணீர் சம்பந்தமாக ஸுபைர் (ரழி) அவர்களுக்கும் ஓர் அன்ஸாரித் தோழருக்கும் வழக்கு வந்து, நபி (ஸல்) அவர்கள் தீர்ப்புச் சொன்னதை நீங்கள் ஹதீஸ் மஜ்லிஸ்களில் கேட்டிருப்பீர்கள். எங்களூர் வயற்காரர்களுக்கும் இது புதிதல்ல.

மூன்று மணி கடந்ததும் எதிர்க்காற்று பிடித்துக்கொண்டது. இறக்கத்திலேயே மிதிக்க வேண்டிய நிலை. உதடு வெடித்தது. வியர்வை வெளியே தெரியாது. வந்த உடனேயே காய்ந்துவிடும். அதுதான் ஆபத்து. உடம்பு எவ்வளவு தண்ணீரை இழக்கிறது என்பதை உடம்பே சொல்லாது. சட்டையில் வெள்ளைக் கோடாக உப்புப் பூத்திருப்பதைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். மூன்றாவது போத்தலில் கால்வாசி இருக்கையில் ஒரு சிறிய கிராமம் வந்தது.

வாசலில் ஒரு மூதாட்டி கம்பளி நூற்றுக்கொண்டிருந்தார். ஸலாம் சொல்லிப் போத்தலைக் காட்டினேன். “அமான்?” என்று கேட்டார். நமக்கு அமான் என்றால் அபயம், பாதுகாப்பு. அவர்கள் மொழியில் தண்ணீர்! பள்ளிக்கூடத்தில் அரபு படிக்கும் பேரன் வந்து இடையில் நின்று மொழிபெயர்த்தான். தண்ணீர் மட்டும் வாங்கிக்கொண்டு போய்விடலாம் என்று நினைத்தோம். அது அங்கே நடக்காது. உட்கார வைத்து, அடுப்புச் சூடு ஆறாத ரொட்டியும் வெண்ணெயும் தேநீரும் வந்த பிறகுதான் போத்தல் வந்தது.

வீட்டின் பக்கத்தில் கல்லடுக்கிய ஆட்டுப் பட்டி. பெரிய பட்டி. உள்ளே நான்கு செம்மறிகள் மட்டும் நின்றன.

“முன்பு முப்பதுக்கு மேல் இருந்தன. தீனிக்கு விலை கொடுக்க முடியாமல் உம்மும்மா விற்றுவிட்டா” என்றான் பேரன்.

மொறோக்கோவில் 2018க்குப் பின் ஆறேழு வருடங்கள் தொடர்ந்து வறட்சி. 2025 பெப்ரவரி இறுதியில் மன்னர் ஆறாம் முஹம்மத் ஓர் அறிவித்தல் விடுத்தார்: நாட்டில் கால்நடைகள் வெகுவாகக் குறைந்துவிட்டபடியால் அவ்வருட ஹஜ்ஜுப் பெருநாளில் மக்கள் உழ்ஹிய்யா கொடுப்பதைத் தவிர்த்துக்கொள்ள வேண்டும்; மக்கள் சார்பில் தாமே குர்பான் கொடுப்பதாகவும் சொன்னார். ஒன்பது வருடங்களுக்கு முந்திய கணக்கெடுப்போடு பார்க்கையில் மந்தைகள் 38 வீதம் குறைந்திருந்தன. இதற்கு முன் அவரது தந்தை இரண்டாம் ஹஸன் 1996இல் இப்படிக் கேட்டிருந்தார். ஸுன்னத்தான ஓர் அமலை ஆட்சியாளர் இப்படி நிறுத்தி வைக்கச் சொல்வதைப் பற்றி உலமாக்கள் பேசட்டும். நான் சொல்ல வந்தது பட்டியில் நின்ற நான்கு ஆடுகளைப் பற்றி.

பெருநாளுக்கு என்ன செய்வீர்கள் என்று கேட்டோம். மூதாட்டி சொன்னதைப் பேரன் இரண்டு தடவை கேட்டு உறுதிப்படுத்திக்கொண்டு எங்களுக்குச் சொன்னான்:

“நான்கும் பெட்டை. அறுத்தால் அடுத்த வருடம் எங்கே? இந்த வருடம் தொழுகை, கோழி. மார்ச் மாதம் மழை பெய்தது, அல்ஹம்துலில்லாஹ். புல் வரும்.”

காசு கொடுக்க முயன்றோம். கையைத் தட்டிவிட்டார், கொஞ்சம் கோபமாகவே. நண்பர் பையிலிருந்த பேரீச்சம்பழப் பொதியைப் பேரனிடம் கொடுத்தார். அதை வாங்கிக்கொள்ளலாம் என்று தலையசைத்தார். விருந்தாளி கொண்டுவரும் பண்டம் வேறு, காசு வேறு. இந்த நுணுக்கத்தை நம் உம்மாமாருக்கு விளக்கத் தேவையில்லை. ஆனால் தெருத்தெருவாகக் காசை நீட்டிப் பழகிய உல்லாசப் பிரயாணிகளுக்கு விளக்க வேண்டியிருக்கிறது.

ஒரு விடயம் என்னை உறுத்திக்கொண்டே வந்தது. மூன்று போத்தலும் சேர்த்து நான்கு லீற்றர். மலையூற்றிலிருந்து குழாய் வழியே ஊருக்கு வரும் தண்ணீரை, அந்த வீட்டுப் பெண்கள் பாத்திரம் கழுவியதைக்கூட ஊற்றிவிடாமல் செடிக்கு விடுகிறார்கள். அதில் நான்கு லீற்றரை நாங்கள் கொண்டு போகிறோம். அங்கிருந்து ஐத் பென் ஹத்து வரை அந்தத் தண்ணீரை நாங்கள் முகத்தில் ஊற்றவில்லை. குடிக்க மட்டும்தான்.

வெயில் சாயும் நேரத்தில் பள்ளத்தாக்கு அகலமாகி, கல் நிறைந்த வெளி விரிகிறது. அதன் நடுவே, குன்றோடு ஒட்டி, அடுக்கடுக்காக எழும் செம்மண் கோட்டைக் கிராமம் ஒன்று. ஐத் பென் ஹத்து. மண்ணைப் பலகைக்குள் இட்டு இடித்துக் கட்டிய சுவர்கள். மேலே வெயிலில் காய்ந்த செங்கற்களால் அலங்காரக் கோபுரங்கள். குன்றின் உச்சியில் ஊர்ப் பொதுத் தானியக் களஞ்சியம். 1987இல் யுனெஸ்கோ இதை உலக மரபுரிமைப் பட்டியலில் சேர்த்தது. சினிமாக்காரர்கள் இதைப் பல படங்களில் காட்டிவிட்டார்கள். ஆனால் உள்ளே குடியிருப்பது சில குடும்பங்களே. மற்றவர்கள் மின்சாரமும் பள்ளிக்கூடமும் உள்ள அக்கரைக்குப் போய்விட்டார்கள். மண்கட்டடத்துக்கு ஆள் நடமாட்டமும் ஒவ்வொரு மழைக்குப் பின்னும் பூச்சும் வேண்டும். இரண்டும் இல்லையென்றால் தெலுவெத் மாளிகையின் கதிதான்.

பழைய ஊருக்கும் புதிய ஊருக்கும் இடையில் ஆறு. நாம் காலையிலிருந்து துணையாகக் கொண்டுவந்த அதே தண்ணீர். தெலுவெத்தின் உப்புப் பாறைகளைத் தொட்டு வந்த ஓடையும் கலந்து, இங்கே அதற்கு ‘மலேஹ்’ என்ற பெயர் ஆகிவிட்டது. அரபு தெரிந்தவர்களுக்குப் புரியும்: உப்பாறு. ஏப்ரலிலும் கணுக்கால் அளவுதான் ஓடியது. ஓரங்களில் சேறு காய்ந்த இடமெல்லாம் வெள்ளையாகப் பூத்திருந்தது, என் சட்டையில் பூத்தது போல. குனிந்து ஒரு கை அள்ளி வாயில் வைத்தேன். கடல் மாதிரிக் கரிக்கவில்லை. ஆனால் தாகத்துக்கு ஆகாது.

வுழூச் செய்ய அது போதும். ஆற்றங்கரைக் கற்களில் உட்கார்ந்து காலைக் கழுவும்போது, வெடித்த தோலில் அந்த உப்பு சுரீரென்று எரிந்தது. அக்கரைப் பள்ளியில் மஃரிபுக்குப் பாங்கு கேட்டது. வண்டிகளைத் தூக்கிக்கொண்டு ஆற்றைக் கடந்தோம்.

மறுநாள் வர்ஸாஸாத்துக்கு முப்பது கிலோமீற்றர். பாதை ஏறக்குறையச் சமதளம். தங்குவிடுதிக்காரர் இரவே எங்களிடம் ஒன்று சொல்லி வைத்தார்: வழியில் கிணறுகளை நம்ப வேண்டாம், போத்தல்களை இங்கேயே நிரப்பிக்கொள்ளுங்கள், முன்வாசலில் இருக்கும் களிமண் பானையில் எடுங்கள், குழாயில் வேண்டாம் என்று. பானைக்குப் பக்கத்தில் தகரக் குவளையொன்றைச் சங்கிலியால் கட்டி வைத்திருந்தார்கள். தெருவில் போகிறவர் யாரும் குடிக்கலாம்.